இந்தத் தகடு பாத்திரமாகுமா, கிழியுமா? இழுத்துப் பார்த்துச் சொல்லும் வழி

தகட்டோடு வரும் டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் மூன்று எண்களைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஈல்டு, அதாவது தகடு நிரந்தரமாக நீளத் தொடங்கும் இடம், எவ்வளவு, இழுவிசை வலிமை எவ்வளவு, எத்தனை சதவீதம் நீளும். மூன்றும் ஒழுங்காகவே இருக்கும், ஆனால் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் மூலையில் பிளந்துகொள்ளும். உடனே தகடு விற்றவர் டை, அதாவது வடிவம் தரும் அச்சு, சரியில்லை என்பார், டை செய்தவர் தகடு மோசம் என்பார், கடைசியில் கிழிந்த பீஸைக் கொண்டுவந்து ஆய்வகத்தில் என் மேஜையில் போடுவார்கள். உலோக உருவாக்கம், இயந்திரப் பண்புகள் என்று பெரிய பெயரில் நாங்கள் செய்கிற ஆராய்ச்சியில் பாதி, இந்தப் பஞ்சாயத்தைத் தீர்ப்பதுதான்.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு யூடிஎம் (மாதிரியை இழுத்து விசையை அளக்கும் இயந்திரம்), ஒரு எக்ஸ்டென்சோமீட்டர் (மாதிரியிலேயே மாட்டி அது எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் கருவி), நல்ல மைக்ரோமீட்டர், கால்குலேட்டர், கொஞ்சம் பொறுமை. பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் இவை பெரும்பாலும் இருக்கும். என் கட்சி ஒன்றே ஒன்றுதான்: தகட்டை இழுத்துவிட்டு நீளத்தை மட்டும் அளந்தால் பாதி விஷயம் தெரியாமலே போகும். அகலத்தையும் அளக்க வேண்டும், அதையும் மூன்று திசைகளில் அளக்க வேண்டும். இதைச் செய்யாமல் தகட்டைக் குறை சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

சரி, கையில் ஒரு 0.8 மி.மீ. தகடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்த கார்பன் எஃகு, குளிர் உருட்டல் செய்தது, வியாபாரத்தில் ஈடிடி என்பார்களே அந்த ரகம், அதாவது ஆழமாக இழுத்து வடிவமைப்பதற்கென்றே செய்தது. எந்த வேலையையும் தொடங்கும் முன் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: இதே டையில் கிழியாமல் ஓடிய பழைய லாட்டிலிருந்து ஒரு துண்டுத் தகடு. அது இல்லாமல் கெட்ட தகட்டை மட்டும் சோதித்தால் எண்கள் வரும், அந்த எண் நல்லதா கெட்டதா என்று சொல்ல ஆதாரம் இருக்காது. இப்படி ஒரு துண்டு கிடைக்காத கேஸை நான் இப்போதெல்லாம் கையிலேயே எடுப்பதில்லை.

முதல் வேலை உருட்டல் திசையைக் கண்டுபிடிப்பது. தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரே பக்கமாக ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும், அதுதான் ரோலர் ஓடிய திசை. துத்தநாகப் பூச்சு உள்ள தகட்டில் இது தெரியாது. காயிலின் ஓரம் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். திசை தெரிந்ததும் அதற்கு இணையாக மூன்று, 45 பாகையில் மூன்று, குறுக்காக மூன்று என்று ஒன்பது மாதிரிகள் வரைந்துகொள்ளுங்கள். ஏஎஸ்டிஎம் ஈ8 என்ற அமெரிக்கத் தரம் சொல்லும் தகட்டு மாதிரியின் அளவு எல்லோருக்கும் பழக்கமானது: மொத்த நீளம் 200 மி.மீ., பிடிக்கும் இடத்தில் அகலம் 20, நடுவில் மெலிந்த பகுதியின் அகலம் 12.5, நீட்சியை அளக்கும் பகுதி, அதாவது கேஜ் நீளம், 50. இந்தியத் தரம் ஐஎஸ் 1608.

வெட்டும்போது அவசரப்படக் கூடாது. ஷியரில் வெட்டிய மாதிரியை அப்படியே இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷியர் கத்தி தகட்டை வெட்டும்போது ஓரத்தை நசுக்கித்தான் வெட்டுகிறது, நசுங்கிய உலோகம் இறுகிப்போய் அங்கே நுண்ணிய விரிசல்களும் இருக்கும். இழுத்தால் நடுவில் மெலிந்து அறுவதற்குப் பதில் ஓரத்திலிருந்து கிழியும், நீட்சி குறைவாகக் காட்டும், பாவம் தகட்டுக்குக் கெட்ட பெயர். ஒயர் கட்டிங்கில் வெட்டுங்கள், இல்லாவிட்டால் ஐந்தாறு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கி மில்லிங் செய்யுங்கள். பிறகு ஓரங்களை மெல்லிய எமரித் தாளால் நீளவாக்கில் மட்டும் தேய்க்க வேண்டும். குறுக்காகத் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் ஒரு விரிசலுக்குப் பிள்ளையார் சுழி.

அடையாளம் போடுவதில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப நாட்களில் ஒருமுறை ஒன்பது மாதிரிகளிலும் மார்க்கர் பேனாவால் 0, 45, 90 என்று அழகாக எழுதி, எண்ணெய்ப் பிசுக்கு போகட்டும் என்று அசிட்டோனில் துடைத்தேன். பிசுக்கோடு எழுத்தும் போய்விட்டது. ஒன்பதும் ஒரே மாதிரி மேஜையில் படுத்திருக்கின்றன, எது எந்தத் திசை என்று யாருக்குத் தெரியும்? கோடுகளைப் பார்த்து யூகித்துச் சோதனை செய்தேன், வந்த எண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை, திரும்ப முதலிலிருந்து வெட்டினேன். அன்றிலிருந்து எண் பஞ்ச்சால் அடிப்பதுதான் வழக்கம், அதுவும் பிடிக்கும் முனையில் மட்டும். நடுப்பகுதியில் அடித்தால் அங்கேயே அறுந்துவிடும்.

அடுத்தது அளப்பது. கேஜ் பகுதியில் குறைந்தது மூன்று இடங்களில் அகலத்தையும் தடிமனையும் மைக்ரோமீட்டரில் எடுங்கள். அகலத்தை வெர்னியரில் எடுத்தால் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். போதாது, ஏன் என்று கணக்கு வரும்போது தெரியும்.

மாதிரியை இயந்திரத்தில் மாட்டும்போது மேல் பிடியில் மட்டும் மாட்டி, கீழ்ப் பிடியை இறுக்குவதற்கு முன்பே விசையைப் பூஜ்யம் ஆக்குங்கள். இரண்டையும் இறுக்கிவிட்டுப் பூஜ்யம் போட்டால், இறுக்கும்போது தகட்டில் ஏறிய விசை கணக்கிலிருந்து மறைந்துவிடும். மெல்லிய தகட்டில் அது சின்ன விஷயம் இல்லை. மாதிரி நேராக நிற்கிறதா என்று எட்டிநின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பழைய கொத்தனார் தூக்குக்குண்டு பார்ப்பதுபோல.

அப்புறம் எக்ஸ்டென்சோமீட்டர். இது இல்லாமல் கிராஸ்ஹெட், அதாவது இயந்திரத்தின் நகரும் பகுதி, எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்தே திரிபை, அதாவது ஆரம்ப நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்பதை, கணக்கிட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் வரைபடத்தின் முதல் நேர்கோட்டின் சாய்வை ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கட்டும். அந்தச் சாய்வுதான் யங் குணகம், எஃகுக்கு அது 200 கிகா பாஸ்கலுக்கு மேல் வர வேண்டும். கிராஸ்ஹெட் கணக்கில் அதில் ஒரு சின்னப் பங்குதான் வரும். நகர்ந்தது தகடு மட்டும் இல்லை, பிடி வழுக்கியது, இயந்திரத்தின் சட்டமே கொஞ்சம் நீண்டது, எல்லாவற்றையும் சேர்த்துத் தகட்டின் தலையில் கட்டுகிறோம். என்னைப் பொறுத்தவரை யங் குணகம்தான் சோதனையின் நாடித்துடிப்பு. அது சரியாக வரவில்லை என்றால் மீதி எண்களைப் பார்க்கவே வேண்டாம்.

வேகம் நிமிடத்துக்கு 2 மி.மீ. போல வைத்தால் திரிபு வேகம் நொடிக்கு 0.0005 அளவில் இருக்கும், அறை வெப்பநிலை எஃகுக்கு அது நிதானமான வேகம். ஓடவிட்டுக் காபி குடிக்கப் போகாதீர்கள். ஈல்டு ஆகும் இடத்தில் வரைபடம் எப்படித் திரும்புகிறது என்று கண்ணால் பார்ப்பது முக்கியம். வளைவு மெதுவாகத் திரும்பினால் நல்லது. அப்படி இல்லாமல் விசை சட்டென்று விழுந்து, பிறகு இரண்டு மூன்று சதவீதம் நீளும்வரை கோடு தரையில் ஊர்வதுபோலப் படுத்தே போனால், தகடு முதிர்ந்துவிட்டது என்று பொருள். எஃகில் கரைந்திருக்கும் கார்பனும் நைட்ரஜனும் மெல்ல நகர்ந்து இடப்பெயர்வுகளை, அதாவது படிகத்துக்குள் வரிசை பிசகிய கோடுகளை, பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகின்றன. கட்டு அறுக்கக் கூடுதல் விசை, அறுந்தபின் குறைந்த விசை. கோடு இப்படிப் படுத்துப் போகும்போது தகட்டின் பரப்பில் ஓடும் பட்டைகளைப் பற்றித்தான் 1860-ல் லூடர்ஸ் எழுதினார். இப்படிப்பட்ட தகடு பிரஸ்ஸில் கிழியாமல் தப்பினாலும் பளபளப்பான பரப்பில் தீ நாக்கு போன்ற தழும்புகள் விழும், பெயின்ட் அடித்தாலும் மறையாது. ஆலையில் கடைசியாக ஒரு சதவீதம் அளவுக்கு லேசாக உருட்டி அனுப்புவதே இதைத் தவிர்க்கத்தான், ஆனால் குடோனில் மாதக்கணக்கில் கிடந்தால், அதுவும் நம் ஊர் வெயிலில் கிடந்தால், அந்த வைத்தியத்தின் பலன் போய்விடும். அலுமினியத்தில், குறிப்பாக மக்னீசியம் கலந்ததில், வரைபடம் ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் துடிக்கும். அது மெஷின் கோளாறு இல்லை, உலோகத்தின் குணம். சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு அசடு வழிந்த கதை என்னிடம் உண்டு.

இப்போது முதல் எண்ணுக்கு வருவோம், என் மதிப்பு, அதாவது ஆங்கில n எழுத்தால் குறிக்கும் மதிப்பு. தகடு நீள நீள எவ்வளவு வேகமாக இறுகுகிறது என்பதன் அளவு இது. கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரம் தட்டுகிறவர்களுக்கு இது கையிலேயே தெரியும். தட்டத் தட்டப் பித்தளை விறைத்துக்கொள்ளும், ஒரு கட்டத்தில் நெருப்பில் காட்டி இளக்கினால்தான் மேற்கொண்டு தட்ட முடியும். பாத்திரம் செய்கிறவருக்கு அந்த விறைப்பு தொல்லையாகத் தெரியலாம், ஆனால் பிரஸ்ஸில் தகட்டைக் காப்பாற்றுவதே அதுதான். ஓரிடம் கொஞ்சம் அதிகமாக நீண்டுவிட்டால் அந்த இடம் இறுகிக்கொண்டு, இனி பக்கத்துக்காரன் நீளட்டும் என்று நின்றுகொள்கிறது. இறுகாத உலோகத்தில் நீண்ட இடமே மேலும் நீண்டு, கழுத்து மெலிந்து, அறுந்துவிடும்.

கணக்கு கடினமில்லை. வரைபடத்தில் 10% நீட்சியிலும் 20% நீட்சியிலும் தகைவை, அதாவது பரப்பால் வகுத்த விசையை, படியுங்கள். உதாரணத்துக்கு 290 மற்றும் 303 மெகா பாஸ்கல் என்று இருக்கட்டும். இவை ஆரம்பப் பரப்பால் வகுத்த தகைவுகள். ஆனால் தகடு நீண்டபோது மெலிந்தும் இருக்கிறதே, அதனால் 290-ஐ 1.10-ஆல் பெருக்கினால் 319, 303-ஐ 1.20-ஆல் பெருக்கினால் 363.6, இவைதான் உண்மைத் தகைவுகள். உண்மைத் திரிபுகள் 1.10-க்கும் 1.20-க்கும் இயல் மடக்கை எடுத்தால் வரும், 0.0953 மற்றும் 0.1823. இனி தகைவுகளின் விகிதத்துக்கு மடக்கை எடுத்து, அதைத் திரிபுகளின் விகிதத்தின் மடக்கையால் வகுங்கள். 0.1309-ஐ 0.6486-ஆல் வகுத்தால் 0.20. அவ்வளவுதான், இந்தத் தகட்டின் என் மதிப்பு 0.20. இரண்டு புள்ளிக்குப் பதில் 10 முதல் 20% வரை உள்ள எல்லாப் புள்ளிகளையும் மடக்கைத் தாளில் போட்டு நேர்கோடு வரைந்து அதன் சாய்வை எடுத்தால் இன்னும் நம்பகமாக இருக்கும், எக்செல் ஒரு நொடியில் செய்துவிடும்.

இதைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. 1885-ல் கோன்சிதேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் காட்டியபடி, தகடு சீராக நீள்வதை நிறுத்திக் கழுத்து விழத் தொடங்கும் இடத்தில், அதாவது விசை உச்சத்தைத் தொடும் இடத்தில், உண்மைத் திரிபு என் மதிப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். நம் தகட்டில் 0.20 என்றால் நீட்சி 22% வாக்கில். வரைபடத்தில் உச்சம் 22-க்குப் பக்கத்தில் இருந்தால் கணக்கு சரி. 15-ல் உச்சம் வந்து என் மதிப்பு 0.20 என்று வந்தால் எங்கோ தப்பு, பெரும்பாலும் எக்ஸ்டென்சோமீட்டரின் கத்திமுனை வழுக்கியிருக்கும்.

சர்டிஃபிகேட்டில் இருக்கும் நீட்சி சதவீதத்தை நான் ஏன் மதிப்பதில்லை என்பதற்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. அந்த எண்ணில் சீராக நீண்ட பகுதியும், கழுத்து விழுந்தபின் ஒரே இடத்தில் நீண்டதும் கலந்திருக்கிறது. இரண்டாவது பகுதி கேஜ் நீளத்தைப் பொறுத்து மாறும். ஜெர்மன் வழக்கப்படி 20 மி.மீ. அகலமும் 80 மி.மீ. கேஜும் உள்ள மாதிரியில் சோதித்தால் ஒரு எண், ஜப்பானிய முறையில் 25 மி.மீ. அகலத்துக்கு 50 மி.மீ. கேஜில் சோதித்தால் அதைவிடக் கூடுதலான எண், தகடு என்னவோ ஒன்றுதான். இரண்டு சர்டிஃபிகேட்டை அருகருகே வைத்து இது அதைவிட நல்ல தகடு என்று பேசுவதற்கு முன்னால் எந்த மாதிரி என்று கேளுங்கள்.

இனி அகலம். என் மதிப்பைவிட எனக்கு இதன்மேல்தான் பிரியம் அதிகம்.

தகட்டை இழுத்தால் அது நீள்கிறது, கன அளவு மாறாது, ஆகவே வேறு எங்கோ குறைய வேண்டும். அகலத்தில் குறையலாம் அல்லது தடிமனில் குறையலாம். எல்லாத் திசையிலும் ஒரே குணமுள்ள உலோகமாக இருந்தால் இரண்டும் சமமாகக் குறையும். உருட்டிய தகடு அப்படி இல்லை. உருட்டும்போதும் பிறகு உலையில் வாட்டும்போதும் படிகங்கள் ஒரு ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன, அந்த ஒழுங்கைப் பொறுத்துச் சில தகடுகள் அகலத்தில் தாராளமாகச் சுருங்கும், தடிமனை விட்டுக்கொடுக்காது. நமக்கு வேண்டியது அதுதான். கிண்ணம் இழுக்கும்போது விளிம்பில் உள்ள தகடு சுற்றளவில் சுருங்கி உள்ளே வர வேண்டும், சுவரில் உள்ள தகடு மெலியாமல் அதை இழுத்துவர வேண்டும். அகலத்தில் ஏற்படும் திரிபைத் தடிமனில் ஏற்படும் திரிபால் வகுத்தால் கிடைப்பது ஆர் (r) மதிப்பு. 1950-ல் லாங்க்ஃபோர்டும் அவர் சகாக்களும் முன்வைத்தது, அதனால் லாங்க்ஃபோர்டு எண் என்றும் சொல்வார்கள். அலுமினியத் தகடுகளில் பெரும்பாலும் 1-க்குக் கீழே, 0.6, 0.7 என்று இருக்கும். நல்ல ஆழ இழுப்பு எஃகில் 1.5-க்கு மேலே போகும்.

சோதனை இப்படி: மாதிரியை 15% வரை இழுத்து, கழுத்து விழுவதற்கு முன்பே நிறுத்தி, விசையை இறக்கி, வெளியே எடுங்கள். நீளத்தையும் அகலத்தையும் திரும்ப அளங்கள். தடிமனை அளக்கக் கூடாது. ஏன் என்று எண்ணோடு பார்ப்போம். 50 மி.மீ. கேஜ் 57.5 ஆகிவிட்டது, 12.50 அகலம் 11.50 ஆகியிருக்கிறது. நீளத் திரிபு 0.1398, அகலத் திரிபு கழித்தல் 0.0834, மிச்சம் இருப்பது தடிமனுக்கு, கழித்தல் 0.0564. வகுத்தால் ஆர் மதிப்பு 1.48. இந்தத் தடிமன் திரிபு 0.8 மி.மீ. தகட்டில் வெறும் 0.044 மி.மீ. குறைவு. மைக்ரோமீட்டரில் 0.01 தவறினால் கால் பங்கு கணக்கு காலி, அதனால்தான் தடிமனை நேரடியாக அளக்காமல் கன அளவு மாறாது என்ற விதியை வைத்துக் கண்டுபிடிக்கிறோம்.

அகலத்திலும் அஜாக்கிரதை கூடாது. 11.50-க்குப் பதில் 11.55 என்று படித்துவிட்டால் ஆர் மதிப்பு 1.48-லிருந்து 1.30-க்கு இறங்கிவிடும். வெறும் 0.05 மி.மீ. வித்தியாசம்! ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு பிசிறு போதும் அதற்கு. வெர்னியர் போதாது என்று முன்னே சொன்னது இதனால்தான். ஐந்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள், பிசிறு இருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள்.

மூன்று திசைக்கும் இப்படிக் கண்டுபிடித்தபின் சராசரி எடுக்கும்போது 45 பாகை எண்ணை இரட்டிப்பாக்கிச் சேர்த்து நான்கால் வகுக்க வேண்டும். 0-க்கு 1.5, 45-க்கு 1.1, 90-க்கு 1.8 என்று வந்தால் சராசரி 1.375. மோசமில்லை, ஆனால் திசைக்குத் திசை ஏற்றத்தாழ்வு இருப்பதைக் கவனியுங்கள். அதையும் ஒரு எண்ணாக்கலாம்: 0-ஐயும் 90-ஐயும் கூட்டி, 45-ஐ இரண்டு மடங்காகக் கழித்து, பாதியாக்கினால் 0.55. இது பூஜ்யமாக இருந்தால் வட்டத் தகட்டிலிருந்து இழுத்த கிண்ணத்தின் வாய் சமமாக இருக்கும். 0.55 என்றால் வாய் விளிம்பில் நான்கு காதுகள் எழும்பும், கூட்டல் எண்ணாக இருப்பதால் உருட்டல் திசையிலும் அதற்குக் குறுக்காகவும் மேடு, 45 பாகையில் பள்ளம். கழித்தலாக வந்திருந்தால் 45-ல் மேடு. பள்ளம்வரை வெட்டி எறிய வேண்டியிருப்பதால் கழிவு கூடும், வட்டத் தகட்டை இன்னும் பெரிதாக எடுக்க வேண்டிவரும். அளவில்லாத ஆசைக்கும் இங்கே இடமில்லை: நல்ல எஃகிலும் ஒரே இழுப்பில், தகட்டை டைக்குள் தள்ளும் பஞ்ச்சின் விட்டத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, மிஞ்சிப்போனால் அதற்குக் கொஞ்சம் மேலே உள்ள வட்டத்தைத்தான் கிண்ணமாக்க முடியும். உயரமான டம்ளர்கள் இரண்டு மூன்று இழுப்பில் உருவாவது இதனால்தான்.

தகட்டின் ஜாதகம் இப்போது கையில். ஆனால் கிழிந்தது தகடு மட்டும் இல்லையே, டையும் எண்ணெயும் பிடியும் சேர்ந்துதானே கிழித்தன. அதைப் பார்க்க வட்டம் போட வேண்டும். தகட்டின் பரப்பில் 2.5 மி.மீ. வட்டங்களை வரிசையாக, ஸ்டென்சில் வைத்து மின்வேதி முறையில் லேசாக அரித்துப் பதிப்பார்கள், கை கழுவும் நேரத்தில் முடிந்துவிடும் வேலை. அந்தத் தகட்டை அதே பிரஸ்ஸில், அதே எண்ணெயில், அதே ஆளை வைத்து அழுத்தச் சொல்லுங்கள். வட்டங்கள் நீள்வட்டங்களாக மாறியிருக்கும், ஒவ்வொன்றும் அந்த இடத்தில் தகடு எந்தப் பக்கம் எவ்வளவு நீண்டது என்று எழுதிவைத்த கடிதம். இப்போது பெரிய ஆய்வகங்களில் வெள்ளைப் பெயின்ட் அடித்து மேலே கறுப்புப் புள்ளிகள் தெளித்து இரண்டு கேமராவில் படம் எடுத்தே எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடுகிறார்கள், அதுவும் அருமைதான், ஆனால் மூடிய டைக்குள் கேமரா எட்டிப் பார்க்க முடியாது, வட்டம் உள்ளே போய்த் திரும்பி வரும்.

இதைப் படிக்க ஒரு வரைபடம் வேண்டும். 1960-களில் அமெரிக்காவில் கீலர் வலது பாதியைப் போட்டார், 1968-ல் குட்வின் இடது பாதியைச் சேர்த்தார். நெட்டாகப் பெரிய திரிபு, குறுக்காகச் சிறிய திரிபு, நடுவில் வி எழுத்து மாதிரி ஒரு எல்லைக் கோடு. கோட்டுக்குக் கீழே இருந்தால் பிழைத்தது, மேலே போனால் கழுத்து. அந்த வி-யின் அடிப்புள்ளி, குறுக்கே நீளவும் இல்லாமல் சுருங்கவும் இல்லாமல் ஒரே பக்கமாக மட்டும் இழுபடும் நிலை, அதுதான் மிக ஆபத்தான இடம். அகலத்திலிருந்து உதவி வராது, முழுச் சுமையும் தடிமன்மேல் விழும். குறைந்த கார்பன் எஃகுக்கு அந்த அடிப்புள்ளியைக் கண்டுபிடிக்கக் கீலரும் பிரேஸியரும் தந்த எளிய கணக்கு: தடிமனை மி.மீ.-ல் எடுத்து 14.13-ஆல் பெருக்கி, 23.3-ஐக் கூட்டி, வந்ததை என் மதிப்பால் பெருக்கி 0.21-ஆல் வகுக்க வேண்டும். நம் 0.8 மி.மீ. தகட்டுக்கு, என் மதிப்பு 0.20-க்கு, 33% வருகிறது. உற்பத்தியில் 10 புள்ளி இடைவெளி விடுவது பழக்கம், ஆகவே 23-க்கு மேல் போனாலே மஞ்சள் விளக்கு.

கிழிந்த மூலையை அடுத்துள்ள, கிழியாத வட்டத்தைத் தேடுங்கள். கிழிசல் ஓடிய வட்டம் பொய் சொல்லும். கிழியாத அந்த வட்டம் 3.3-க்கு 2.5 மி.மீ. என்று நீண்டிருந்தால் ஒரு பக்கம் 32%, மறுபக்கம் பூஜ்யம், நேராக வி-யின் அடியில், விளிம்பில் நிற்கிறது. அதே 3.3, ஆனால் குறுக்கே 2.1 ஆகச் சுருங்கியிருந்தால் கவலையே வேண்டாம், இடது பக்கத்தில் எல்லை உயர்ந்துகொண்டே போகிறது, அங்கே 50-ஐத் தாண்டினாலும் தாங்கும். ஒரே 32%, ஒன்று ஆபத்து, இன்னொன்று விளையாட்டு. நீளத்தை மட்டும் அளந்தால் இந்த வித்தியாசம் எங்கே தெரியப் போகிறது?

பூஜ்யத்தில் நிற்கிற கேஸில் நல்ல லாட்டுக்கும் கெட்ட லாட்டுக்கும் என், ஆர் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருந்தால் தகட்டை விட்டுவிடுங்கள். விளிம்புத் தகடு உள்ளே வராமல் எங்கோ தடைபடுகிறது. விளிம்புத் தகட்டை அமுக்கிப் பிடிக்கும் பிளாங்க் ஹோல்டரின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், சுருக்கம் விழாத அளவுக்கு. டை முனையின் ஆரம் தேய்ந்து கூராகிவிட்டதா, அதில் உலோகத் துகள் ஒட்டிக் கிடக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெயை டை பக்கம் தாராளமாக விடுங்கள், பஞ்ச் பக்கம் விடாதீர்கள். இது பலருக்குத் தலைகீழாகத் தெரியும், ஆனால் கிண்ணம் இழுக்கும்போது பஞ்ச்சில் உராய்வு இருப்பது நல்லது, சுவரைப் பஞ்ச்சே பிடித்துக்கொண்டு பாரத்தில் பங்கெடுத்துக்கொள்ளும். பஞ்ச்சுக்கும் சேர்த்து எண்ணெய் பூசிவிட்டு அடிமூலை அறுகிறதே என்று வருந்துவது நாமே வலியப் போய் வாங்கிக்கொள்வது. கிழிசல் வலது பாதியில், உருண்டை முனை தள்ளிய குமிழ் போன்ற இடத்தில் என்றால் கதை வேறு, அங்கே என் மதிப்புதான் ராஜா, பஞ்ச்சுக்கும் எண்ணெய் வேண்டும்.

இழுத்ததும் கிழியவில்லை, ஆனால் வளைத்த கோணம் திரும்பிவிடுகிறது என்ற புகாருக்கு இந்த எண்கள் எதுவும் உதவாது. ஒரே வலிமையுள்ள அலுமினியம் எஃகைவிட மூன்று மடங்கு திரும்பும், காரணம் யங் குணகம் அலுமினியத்துக்கு 70, எஃகுக்கு 200 கிகா பாஸ்கல். அதோடு ஒரு பக்கம் வளைத்து மறுபக்கம் நிமிர்த்தும்போது ஈல்டு குறைகிறது என்ற பவுஷிங்கர் விளைவும் சேரும். அதற்கு இழுத்து அமுக்கும் சோதனை வேண்டும், அது தனி நாள் வேலை.

எவர்சில்வர் கொண்டுவந்தால் மேலே சொன்ன என் மதிப்புக் கணக்கை அப்படியே போடாதீர்கள். 304 ரகத்தை இழுக்கும்போது அதன் ஆஸ்டெனைட் என்ற படிக அமைப்பில் ஒரு பகுதி மார்ட்டென்சைட் என்ற கடினமான, காந்தம் ஒட்டும் அமைப்பாக மாறிக்கொண்டே போகிறது, அதனால் இறுகும் வேகம் ஓரிடத்தில் நிற்காது, மடக்கைத் தாளில் நேர்கோடு வராமல் மேல்நோக்கி வளையும். வீட்டிலேயே பார்க்கலாம்: 304-ல் இழுத்த டம்ளரின் அடியில் காந்தம் ஒட்டாது, வாய் விளிம்புக்கு அருகே மெல்லப் பிடிக்கும். அங்கேதான் தகடு அதிகமாக உருமாறியது. நிக்கல் குறைந்த 200 வரிசைத் தகடுகளில் இன்னொரு தொல்லை, இழுத்த அன்று நன்றாக இருக்கும், மறுநாளோ அடுத்த வாரமோ வாயிலிருந்து கீழ்நோக்கி நேராக ஒரு பிளவு ஓடியிருக்கும். உள்ளே தங்கிய தகைவும் ஹைட்ரஜனும் சேர்ந்து செய்கிற வேலை அது. அதனால் இந்த வகைக் கிண்ணங்களைச் சோதித்த அன்றே பாஸ் என்று எழுதாமல் ஒரு வாரம் அலமாரியில் வைத்து, தினம் ஒருமுறை வாயைச் சுற்றி விரல் ஓட்டிப் பாருங்கள்.

மார்ட்டென்சைட் உருவாவது வெப்பநிலையைப் பொறுத்தது. வேகமாக இழுத்தால் மாதிரி தொட்டால் தெரியும் அளவுக்குச் சூடாகும், சூடானால் உருமாற்றம் குறையும், வரைபடம் மாறும். ஏசி ஓடிய காலையில் எடுத்த வரைபடமும், கரன்ட் போய் வந்த மதியத்தில் எடுத்ததும் பொருந்தவில்லை என்று நான் ஒரு வாரம் எக்ஸ்டென்சோமீட்டரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். இப்போது இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது, 304 என்றால் மெதுவாக இழுக்கிறோம், அறிக்கையின் முதல் வரியில் தகட்டின் பெயருக்கு அடுத்து அன்றைய அறை வெப்பநிலையை எழுதுகிறோம்.